வாசகர் கேள்வி – பதில்: பிரமிடு

கேள்வி: 10 செ.மீ. அடிப்பக்கம், 12 செ.மீ. உயரம் என்று அட்டையில் பிரமிடு செய்தேன். உயரம் குறைந்துவிட்டது. ஏன்?

பதில்: முக்கோணங்களை 12 செ.மீ. உயரத்துக்கு வெட்டியிருப்பீர்கள். அவை சாய்ந்து நிற்பதால் நிமிர்ந்த உயரம் 10.9 செ.மீ.தான் வரும். தேவை சாயுயரம், அதாவது அடிப்பக்கத்தின் நடுவிலிருந்து உச்சி வரை சாய்வாக அளக்கும் உயரம். அடிப்பக்கத்தில் பாதி 5. அதன் வர்க்கம் 25. உயரத்தின் வர்க்கம் 144. கூட்டினால் 169, அதன் வர்க்கமூலம் 13. ஆகவே அடி 10, உயரம் 13 செ.மீ. கொண்ட நான்கு முக்கோணங்கள் வேண்டும். ஒட்டுவதற்கு 1 செ.மீ. கூடுதலாக விடுங்கள். மடிக்கும் கோடுகளை மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கீறிய பிறகே மடியுங்கள். இல்லாவிட்டால் உச்சி கூராகச் சேராது. கனஅளவு 400 கன செ.மீ. வரும்: அதே அடியும் உயரமும் உள்ள பெட்டியில் மூன்றில் ஒரு பங்கு. அழகான கணக்கு இது!

கேள்வி: ஆள் சேர்த்துக்கொண்டே போனால் 'பிரமிடு திட்டம்' ஏன் கவிழ்கிறது?

பதில்: ஆள் தீர்ந்துவிடுவதால்தான். ஒருவரில் தொடங்கி ஒவ்வொருவரும் 6 பேரைச் சேர்த்தால், 13-ஆவது சுற்றுக்கு மட்டும் 1,300 கோடிப் பேருக்கு மேல் வேண்டும். உலகில் அத்தனை மக்களே இல்லை. எந்தச் சுற்றில் நின்றாலும், கடைசியாகச் சேர்ந்தவர்களே மொத்தத்தில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கு. பணத்தை இழப்பது அவர்கள்தான். பொருள் விற்பதற்கு அல்லாமல் ஆள் சேர்ப்பதற்கே வருமானம் என்றால், தயவுசெய்து விலகிவிடுங்கள்.

கேள்வி: மக்கள்தொகை பிரமிடு?

பதில்: வயதுவாரிப் பட்டை வரைபடம். பெரும்பாலும் இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். 5 வயதுக்கு ஒரு பட்டை. பிறப்பு குறைந்தால் அடிப்பகுதி குறுகும். ஜப்பானின் வரைபடம் அப்படித்தான் இருக்கிறது.