பௌர்ணமிக் கூட்டம் எத்தனை மணிக்கு?

அன்புள்ள ஐயா,

பந்தலூர் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பகுதியில் முப்பது குடும்பங்கள் பௌத்தம் ஏற்றுச் சில வருடங்கள் ஆகின்றன. பெரும்பாலும் சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். சங்கம் பதிவு செய்திருக்கிறோம். அடுத்த பத்து வருடத்தில் எதை முதலில் செய்வது என்று பேசக் கமிட்டி கூடியது. கூடிக் கூடிப் பேசியும் முடிவு வரவில்லை. வெளிநாட்டிலிருக்கும் ஒருவர் பன்னிரண்டு அடி புத்தர் சிலை தருகிறேன் என்கிறார்; பெரியவர்களுக்கு அதுதான் முதல் வேலை. கொடைக்கானலில் இருப்பதுபோல ஒரு தியான நிலையம் கட்டினால் வெளியூர் ஆட்கள் வருவார்கள், வருமானமும் கிடைக்கும் என்கிறார்கள் இளைஞர்கள். தமிழ்ப் பௌத்தத்தின் முன்னோடி அயோத்திதாசர், அம்பேத்கர் பெயரில் படிப்பகம் வேண்டும் என்கிறவர்கள் தனி. தியானம் செய்கிறவர்கள் அரசியல் வேண்டாம் என்கிறார்கள். மற்றவர்கள் தியானம் வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்கிறார்கள். போன பௌர்ணமிக் கூட்டத்துக்கு ஏழு பேர்தான் வந்தார்கள். இதற்கு நடுவில் என் அம்மா. சிலோனில் பதுளைப் பக்கம் பிறந்தவர், 77இல் அங்கே தமிழர்மேல் நடந்த கலவரத்துக்கு அப்புறம் கப்பலில் வந்தவர். வீட்டில் புத்தர் படம் மாட்டக்கூடாது என்று ஒரே பிடியாக நிற்கிறார். நாங்கள் எங்கிருந்து தொடங்குவது? வைகாசிப் பௌர்ணமிக்கு நீங்கள் வந்து பேசவும் வேண்டும்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எடுத்துவிட்டேன். மற்றபடி கடிதம் நீங்கள் எழுதியதுதான், கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

சிலை விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், அதுதான் சுலபம். எங்கே வைப்பீர்கள்? உங்களுடையது அரசுத் தேயிலைக் கழகமான டேன்டீயின் லைன் வீடு, அதாவது தொழிலாளர் குடியிருப்பு என்றால் அடியில் இருப்பது வனத்துறை நிலம். டேன்டீ இல்லையென்றால், கூடலூர், பந்தலூரில் யாரைக் கேட்டாலும் 'செக்‌ஷன் 17' என்பார்கள். 1969இல் வந்த கூடலூர் ஜென்மம் (ஜமீன் போன்ற பழைய நிலவுரிமை) ஒழிப்புச் சட்டத்தில், குத்தகைத் தோட்டங்களைப் பற்றிய அந்தப் பிரிவில் மாட்டிய நிலங்களின் வழக்கு தலைமுறை தாண்டியும் தீரவில்லை. பட்டா இல்லாத இடத்தில் பன்னிரண்டு அடிக்குச் சிலை வைத்தால், அடுத்த பத்து வருடமும் உங்கள் சங்கத்தின் ஒரே வேலை தாசில்தார் அலுவலகத்துக்கு நடப்பதாகத்தான் இருக்கும். கொடுக்க நினைக்கிறவருக்கு நன்றி சொல்லி, பட்டா நிலம் கிடைத்ததும் எழுதுகிறோம் என்று பதில் போடுங்கள். அவருக்கு உண்மையிலேயே மனமிருந்தால் காத்திருப்பார்.

தியான நிலையம் சற்று வேறு மாதிரி. இளைஞர்கள் மனதில் இருப்பது பெருமாள்மலையில் உள்ள போதி ஜென்டோ என்று நினைக்கிறேன். அது 1996இலிருந்து நடக்கிறது. தொடங்கியவர் இயேசு சபைத் துறவி அருள் மரிய ஆரோக்கியசாமி, வெளியுலகம் அமா சாமி என்று அறிந்தவர். ஜப்பானில் காமகுரா சென்று யமாதா கோஉன் என்ற ஜென் ஆசிரியரிடம் பயின்று, கற்பிக்கும் அனுமதி பெற்று வந்தவர். அதாவது முதலில் ஆசிரியர், பின்னால் துறவு சபையின் ஆதரவு, அதற்கும் பின்னால்தான் கட்டடம். உங்களிடம் ஆசிரியர் யார்? கட்டடத்தைக் கட்டிவிட்டு ஆளைத் தேடினால் அது ஹோம்ஸ்டே ஆகிவிடும். இந்த மலையில் ஹோம்ஸ்டேக்குப் பஞ்சமே இல்லை. அப்புறம், வெளியூர்க்காரர் வந்து கண்மூடி உட்கார, உங்கள் வீட்டுப் பெண்கள் அங்கே பாத்திரம் கழுவிக் கொண்டிருப்பார்கள். எனக்கு அந்தக் காட்சி பிடிக்கவில்லை.

ஏழு பேர்தான் வந்தார்கள் என்று படித்ததும் நான் முதலில் யோசித்தது நேரத்தை. பௌர்ணமி என்பதால் நிலவு எழும் நேரத்துக்குக் கூட்டம் வைத்திருப்பீர்கள். பந்தலூரில் ஆறு மணிக்கு மேல் லைனிலிருந்து தோட்டப் பாதையில் யார் நடப்பார்கள்? யானை எந்தத் திருப்பத்தில் நிற்கிறது என்று தெரியாது. பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்து, அடுப்பு வைத்து, பிள்ளையைப் படிக்க உட்கார வைக்கும் பெண்ணை அந்த நேரத்தில் பஞ்சசீலம் (பௌத்தரின் ஐந்து ஒழுக்க உறுதிகள்) சொல்ல வா என்று கூப்பிட்டால் வரமாட்டாள். வராததில் பக்திக் குறைவு எதுவும் இல்லை. பௌர்ணமியை ஒட்டி வருகிற ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி, ஒரு வேளைச் சாப்பாடு. திதி இரண்டு நாள் தள்ளிப் போனால் புத்தர் கோபித்துக்கொள்ள மாட்டார். பத்து வருடத் திட்டத்தில் இது சின்னச் சமாச்சாரம்போலத் தெரியும். எனக்கு இதுதான் முதல் தீர்மானம்.

இரண்டாவது, நோயும் சாவும்.

பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய பிடகத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. புத்தரும் ஆனந்தரும் பிக்குகளின் இருப்பிடங்களைச் சுற்றிப் பார்த்து வருகிறார்கள். வயிற்றுப்போக்கு வந்த ஒரு பிக்கு தன் கழிவிலேயே கிடக்கிறார். ஏன் யாரும் பார்க்கவில்லை என்று கேட்டால், 'நான் மற்றவர்களுக்கு எந்த உதவியும் செய்வதில்லை, அதனால் பார்ப்பதில்லை' என்கிறார். புத்தர் தண்ணீர் கொண்டு வரச் சொல்லி, தாமே ஊற்றுகிறார், ஆனந்தர் கழுவுகிறார், இருவருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். அப்புறம் எல்லாரையும் கூட்டி, உங்களைப் பார்க்க இங்கே அம்மாவும் இல்லை அப்பாவும் இல்லை, ஒருவரை ஒருவர் பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள், எனக்குப் பணிவிடை செய்ய நினைப்பவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்கிறார். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் கடமை யார் யாருக்கு என்று அதற்கப்புறம் முறையாகவே வகுக்கிறார்கள். தியானம் செய்கிறவர்கள் நடுவில்தான் அந்த ஆள் அப்படிக் கிடந்தார் என்பதை உங்கள் கமிட்டியில் ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.

உங்கள் முப்பது வீட்டில் ஒருவர் கூடலூர் அரசு மருத்துவமனையிலோ, அங்கிருந்து அனுப்பிவைத்துக் கோவையிலோ படுத்தால், துணைக்கு இருக்க யார் போவது என்று இப்போது தெரியுமா? சாவு வீட்டில் என்ன சொல்வது, யார் சொல்வது? கல்யாணம் நடத்தி வைக்க யார்? மதம் மாறிய பல குடும்பங்கள் முதல் சாவிலேயே பழைய பூசாரியிடம் திரும்பிப் போகின்றன. நம்பிக்கை போனதால் அல்ல, அந்த இரண்டு மணி நேரத்தில் பக்கத்தில் வந்து நிற்க ஆளில்லாததால். இரண்டு பேர், அதில் ஒருவர் பெண், புத்தம் சரணம் என்று தொடங்கும் திரிசரணமும் பஞ்சசீலமும் சாவுச் சடங்குக்கும் கல்யாணத்துக்கும் வேண்டிய அளவு கற்றுக்கொள்ளட்டும். பாலி வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி, கீழே பொருளும் எழுதி, வீட்டுக்கு ஒரு பிரதி. கல்யாணத்துக்குச் சட்டச் சிக்கல் எதுவும் கிடையாது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் பௌத்தருக்கும் பொருந்தும். தமிழ்நாட்டின் 2009 சட்டப்படி பதிவு மட்டும் மறக்காமல் செய்துவிட வேண்டும்.

சட்டம் என்றதும் இன்னொன்று. பௌத்தர் என்று எழுதினால் பிள்ளையின் சாதிச் சான்றிதழ் போய்விடும் என்ற பயம் உங்கள் குடும்பங்களில் நிச்சயம் இருக்கும். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்பதை இந்துக்களோடு நிறுத்தியது உண்மை. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். அந்த 1990 திருத்தத்தின் நகல் சங்கத்தின் பைலில் எப்போதும் இருக்கட்டும். கவுன்ட்டரில் இருப்பவருக்கு அது தெரியாமல் இருக்கலாம், வாய்ப்பேச்சால் ஆகாத வேலை காகிதத்தால் ஆகும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதும் பௌத்தர் 11,186 பேர்தான். உண்மையில் அதைவிட அதிகம் இருக்கும் என்பது என் ஊகம். எழுதாமல் விட்டதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.

தியானமா அரசியலா என்ற சண்டையில் எனக்கு அதிகம் சொல்ல இல்லை. புத்தர் காலத்தில் கோசாம்பி நகரில் பிக்குகள் கழிவறைச் சொம்பில் மீதித் தண்ணீர் விட்டதைப் பற்றித் தொடங்கி இரண்டாகப் பிரிந்தார்கள். புத்தர் சொல்லியும் கேட்கவில்லை, அவர் காட்டுக்குப் போய்விட்டார். கடைசியில் ஊர்க்காரர்கள் சோறு போடுவதை நிறுத்தியதும்தான் சமாதானத்துக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைச் சமைக்கப் போகிற பெண்களுக்கு இந்தக் கதை தெரிந்திருப்பது நல்லது. பத்து நாள் தியான முகாமுக்குக் கட்டணம் இல்லாமல் இருக்கலாம், ஆனால் தினக்கூலிக்காரருக்குப் பத்து நாள் சம்பளம் போகிறது. அதனால் கூட்டத்துக்கு முன்னால் அரை மணி எல்லாரும் மூச்சைக் கவனித்து உட்காருங்கள், முகாமுக்குப் போக முடிந்தவர்கள் போய்வரட்டும். அரசியல் வேண்டாம் என்கிறவர்களுக்கு, அயோத்திதாசர் வளர்ந்தது இந்த நீலகிரியில்தான் என்று சொல்லுங்கள். பௌத்தத்துக்கு வருவதற்கு ஏழு வருடம் முன்னால், 1891இல் ஊட்டியில் அவர் கூட்டிய மாநாட்டின் தீர்மானங்கள் பள்ளிக்கூடம், படிப்புதவி, வேலை, பொதுக் கிணறு, இழிவுப்பெயர் சொல்லி அழைப்பவர்களுக்குத் தண்டனை என்று போகின்றன. உட்கார்ந்து மூச்சைப் பார்ப்பதற்கும் கிணற்றில் தண்ணீர் கேட்பதற்கும் நடுவில் எனக்குப் பகை எதுவும் தெரியவில்லை.

கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லாத விஷயம் சாராயம். ஐந்தாவது சீலம் அது. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் சொல்லிக் கொடுத்த 22 உறுதிமொழிகளிலும் மது அருந்தமாட்டேன் என்பது உண்டு. சம்பள நாள் சாயங்காலம் உங்கள் லைனில் எத்தனை வீட்டில் சத்தம் கேட்கிறது என்று உங்களுக்கே தெரியும். கமிட்டியில் எத்தனை பெண்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இருந்திருந்தால் இது முதல் பக்கத்திலேயே வந்திருக்கும் என்று தோன்றுகிறது.

இனி உங்கள் அம்மா. கடிதத்திலேயே எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது அவர் நிற்கும் பிடிதான், அதைப் பிரச்சனை என்று நீங்கள் எழுதியிருப்பது சரியில்லை. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் அவர் குடும்பத்தை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் இருவரும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள், அவர்களைக் கேட்கவில்லை. 77இல் அடித்தவர்களின் வீட்டிலும் அந்தப் படம்தான் மாட்டியிருந்தது. தமிழருக்குக் கொஞ்சமாவது கொடுக்கப் பார்த்த பண்டா - செல்வா ஒப்பந்தத்தை (இலங்கைப் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் செய்தது), பிரதமர் வீட்டு முன்னால் பிக்குகள் உட்கார்ந்து 1958இல் கைவிட வைத்தார்கள். அடுத்த வருடம் அதே பிரதமரைச் சுட்டவரும் காவி உடுத்தவர்தான். அயோத்திதாசர் 1898இல் பஞ்சசீலம் வாங்கி வந்ததும் அதே தீவிலிருந்து. இந்த இரண்டையும் ஒரே வீட்டுக்குள் வைத்திருப்பவர்கள் தமிழ்நாட்டிலேயே உங்களைப் போன்ற குடும்பங்கள்தான். பீகாரிலிருந்தோ நாக்பூரிலிருந்தோ வந்து யாரும் இதை உங்களுக்குச் சொல்லித்தர முடியாது.

அதனால் படத்தை மாட்டாதீர்கள். பழைய சாஞ்சிச் சிற்பங்களில் புத்தருக்கு உருவமே கிடையாது. பாதச்சுவடு, சக்கரம், அரசமரம் இவைதான். படமில்லாத வீடு பௌத்த வீடாக இருக்கலாம். அவரைச் சமாதானப்படுத்த ஆள் அனுப்பவும் வேண்டாம். சங்கம் என்பது இனத்தோடும் அரசாங்கத்தோடும் ஒட்டிக்கொண்டால் எங்கே போய் நிற்கும் என்று கண்ணால் பார்த்தவர் அவர். உங்கள் இளைஞர்கள் அதை அவர் வாயால் கேட்க வேண்டும், அவருக்குச் சம்மதம் என்றால் மட்டும். வெசாக் பௌர்ணமியின் விளக்குக் கூடு, தெருவோரம் எல்லாருக்கும் சோறு போடும் தன்சல் என்று நல்ல ஞாபகமும் அவரிடம் இருக்கக்கூடும். இல்லாமலும் போகலாம், கிளறாதீர்கள்.

படிப்பகம் வேண்டும் என்றவர்கள் கேட்பது நியாயம், ஆனால் அதற்குத் தனிக் கட்டடம் எதற்கு? கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கிய தொழிலாளர்கள்தான் அயோத்திதாசர் காலமான பிறகு அவர் எழுத்தை மறுபடி அச்சிட்டுக் காப்பாற்றினார்கள். ஒரு பீரோவும் சாவி வைத்திருக்கப் பொறுப்பான ஆளும் போதும். புத்தகம் எடுத்துப் போகிறவர் நோட்டில் எழுதிவிட்டுப் போகட்டும்.

வைகாசிக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமையாக, பகலில் வையுங்கள். மேடை, மாலை, பேச்சு எதுவும் வேண்டாம், சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து பேசலாம். 1990 திருத்தத்தின் நகலும், பீரோவுக்குச் சில புத்தகங்களும் கொண்டு வருகிறேன். மூன்றரை மணிக்குள் என்னைக் கூடலூர் பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும்.