தண்ணி ஊத்துனா வண்டி ஓடுமா?

கேள்வி: ஹைட்ரஜன் காருக்கு பெட்ரோலே வேணாம், தண்ணி ஊத்துனா போதும்னு சாப்பாட்டுக் கடையில மாமா ஒருத்தர் தினமும் அடிச்சி பேசுறாரு, நெசமா ஐயா? - வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: மாமாகிட்ட சொல்லுங்க, தண்ணி பின்னால சொட்டுறதுதான், உள்ள ஊத்துறது இல்ல! கார் டேங்க்ல 700 பார் அழுத்தத்துல, அதாவது சாதாரண காத்தழுத்தத்த விட கிட்டத்தட்ட 700 மடங்கு, ஹைட்ரஜன் வாயுவ அடைச்சி வைக்கிறாங்க. அது காத்துல இருக்குற ஆக்சிஜனோட சேர்ந்து கரண்டா மாறி காரை ஓட்டும், அப்ப வர்ற தண்ணிதான் பின்னால சொட்டுது. தண்ணியிலேர்ந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் பிரிக்கவே 50 யூனிட்டுக்கு மேல கரண்ட் போயிடும், அது காருக்குள்ள மறுபடி கரண்டா மாறும்போது பாதி கூட தேறாது, அதுக்கு நேரா பேட்டரியிலயே ஏத்திட்டு போலாமேங்கறதுதான் என் கட்சி. சரவாக் தலைநகர் கூச்சிங்ல 2019லயே ஹைட்ரஜன் பஸ் ஓட்டுனாங்க, ஆனா அங்க பாக்குன் அணைக்கட்டு நீர்மின் கரண்ட் இருக்கு, அவங்க கணக்கு வேற. நீண்ட தூரம் போற லோரிக்கு வேணும்னா யோசிக்கலாம், மாமாவோட கப்சாய் மோட்டார் சைக்கிளுக்கு பெட்ரோல்தான்.