கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஐஸ்லாந்து கார் பயணம், கேள்வி பதில்

கே: நண்பர்கள் நாலு பேர், ஜூன் மாதம், கையில் ஆறு நாள். ஐஸ்லாந்தைச் சுற்றிவரும் ஒன்றாம் நம்பர் சாலையை முழுசாக ஓட்டி முடிக்கத் திட்டம். 1,300 கிலோமீட்டர்தானே சார், நாங்கள் ஒரே மூச்சில் கோவையிலிருந்து ஐதராபாத் போனவர்கள். முடியும்தானே? (ஆர்.கே., கோவை)

ப: முடியும், ஆனால் ஊருக்கு வந்து சொல்ல உங்களிடம் காருக்குள் கேட்ட பாட்டுகள்தான் இருக்கும். அந்தச் சாலை 1,322 கிலோமீட்டர். தார்ச் சாலையில் 90, சரளைக் கல் சாலையில் 80, ஊருக்குள் 50 என்று வேக வரம்பு. அங்கங்கே கேமராவும் உண்டு. அதை விடுங்கள், பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை யாராவது ஒருத்தர் "நிறுத்து நிறுத்து" என்று கத்துவார், அதற்குத்தானே போகிறீர்கள்.

ஆறு நாளுக்கு நான் சொல்வது தென்கரை மட்டும். தலைநகர் ரெய்க்யவிக்கில் கிளம்பி, பனிப்பாறைகள் மிதக்கும் யோகுல்சார்லோன் ஏரி வரை ஏறக்குறைய 375 கிலோமீட்டர் போய், வந்த வழியே திரும்புங்கள். வழியில் செல்யாலாந்துஸ்ஃபோஸ் அருவி, திரைக்குப் பின்னால் போவது போல நீருக்குப் பின்புறம் நடந்து வரலாம், மழைக்கோட்டு இல்லாவிட்டால் உள்ளாடை வரை நனைவீர்கள். அப்புறம் 60 மீட்டர் உயர ஸ்கோகாஃபோஸ். வீக் ஊர்ப் பக்கம் ரேனிஸ்ஃப்யாரா என்ற கறுப்பு மணல் கடற்கரை. அங்கே கடலுக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்காதீர்கள், சும்மா இருக்கும் அலை திடீரென்று முப்பது நாற்பது மீட்டர் ஏறி வந்து ஆளை இழுத்துக்கொண்டு போகும். உயிர்கள் போயிருக்கின்றன, மிகைப்படுத்தவில்லை.

அதைத் தாண்டினால் எனக்குப் பிடித்த இடம். ஸ்கேய்தாரா ஆறு பரப்பிய மணல்வெளி. அதன் மேல் பாலம் கட்டி முடித்த 1974இல்தான் இந்தச் சாலையே வட்டமாகச் சேர்ந்தது. 1996இல் வட்னயோகுல் பனிப்படலத்துக்கு அடியில் எரிமலை வெடித்து, உருகிய தண்ணீர் மொத்தமும் ஒரே பாய்ச்சலாக இறங்கி, பாலத்தில் ஒரு பகுதியைப் பிய்த்துக்கொண்டு போனது. முறுக்கிப்போட்ட இரும்பு உத்திரம் இரண்டு இன்றும் சாலையோரம் கிடக்கின்றன. பெரிய அருவிகளைவிட அதன் பக்கத்தில்தான் நான் அதிக நேரம் நின்றேன்.

முழுச் சுற்றும் வேண்டுமென்றால் பத்து நாள் வையுங்கள். அதில் ஒரு நாளுக்கு எந்த ஊரும் எழுதாமல் காலியாக விடுங்கள், காற்று அடித்துச் சாலையை மூடினால் அந்த நாள்தான் காப்பாற்றும். ஜூனில் இருட்டவே இருட்டாது. இன்னும் வெளிச்சம் இருக்கிறதே என்று ராத்திரி ஒரு மணிக்கும் ஓட்டுவீர்கள், உடம்பு அப்போதுதான் கண்ணைச் செருகும்.

கே: வாடகைக் கார் கவுண்டரில் ஏழெட்டு இன்சூரன்ஸ் சொல்கிறார்கள். எல்லாம் வேண்டுமா, தலையில் கட்டுகிறார்களா? (ஒரு வாசகி, சென்னை)

ப: சரளைக் கல்லுக்கான பாதுகாப்பு கண்டிப்பாக வேண்டும், எதிரே வரும் வண்டி தெறிக்கவிடும் கல் கண்ணாடியில் நட்சத்திரம் போடும். மணல், சாம்பல் பாதுகாப்பு தென்கரைக்குப் போவதாக இருந்தால் எடுங்கள், மணற்புயலில் பெயின்ட் உரிந்துவிடும். ஆனால் காற்றில் கதவு பிய்த்துக்கொண்டால் பெரும்பாலான பாலிசிகள் கைவிரித்துவிடும், அதைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

நான் அதைப் படிக்கவில்லை. ஒரு பெட்ரோல் பங்கில் காற்று பின்னாலிருந்து அடிக்கிற மாதிரி வண்டியை நிறுத்திவிட்டு, காபி வாங்கும் அவசரத்தில் கதவைச் சும்மா திறந்தேன். கைப்பிடி கையை விட்டுப் போனது தெரிந்தது, அடுத்து டமார். கதவு முன்பக்கத் தகரத்தில் போய் மோதி, கீல் வளைந்து, அப்புறம் மூடவே இல்லை. பிளாஸ்டிக் கயிற்றால் கட்டி, நாள் முழுக்க விசில் சத்தத்தோடு ஓட்டினோம். பில்லில் இருந்த தொகையை மனைவியிடம் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. இப்போதெல்லாம் காற்றுக்கு நேராக மூக்கு இருக்கும்படி நிறுத்துகிறேன், ஒரு கையால் திறந்து மறு கையால் பிடிக்கிறேன், ஒரு நேரத்தில் ஒரு கதவுதான்.

இன்னொன்று, அங்கே காற்று வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று சொல்வார்கள். 20 என்று பார்த்து "அவ்வளவுதானா" என்று நினைக்காதீர்கள், 3.6ஆல் பெருக்கினால் மணிக்கு 72 கிலோமீட்டர்.

கே: ஃபோர் வீல் டிரைவ் எடுத்து ஆற்றுக்குள் இறக்கி ஓட்ட ஆசை. (பெயர் வேண்டாம், மதுரை)

ப: ஆசை புரிகிறது. 'எஃப்' எழுத்தில் தொடங்கும் மலைச் சாலைகளில் ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு மட்டும்தான் சட்டப்படி அனுமதி. பனி உருகி அவை திறப்பதற்கே ஜூன் பாதிக்கு மேல் ஆகும், சில ஜூலை வரை மூடியே கிடக்கும். பனியாறு உருகி வரும் தண்ணீர் காலையில் முழங்கால் அளவு, மத்தியானம் வெயில் ஏறியதும் இடுப்பளவு. எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் பொதுவாக எந்த இன்சூரன்ஸும் வராது. முதல் தடவை போகிறவர் லாண்ட்மன்னலாய்கர் என்ற மலைப் பகுதிக்கு மலைப் பேருந்தில் போகலாம், டிரைவர் ஆற்றில் இறக்குவார், நீங்கள் ஜன்னலில் கத்தலாம். இறங்கினதும் வெந்நீர் ஊற்றில் குளியல்.

சாலையை விட்டுப் புல்லிலோ பாசியிலோ சக்கரத்தை வைக்காதீர்கள். அது குற்றம், அபராதம் பலமாக இருக்கும். அந்தத் தடம் மறையப் பல பத்தாண்டுகள் ஆகும்.

கே: நம் ஊர் லைசென்ஸ் செல்லுமா? வலது பக்கம் ஓட்டிப் பழக்கமில்லை. (எம்., திருநெல்வேலி)

ப: ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு வருஷம் செல்லும். ஒரிஜினல் லைசென்ஸும் கையில் இருக்கட்டும். ஐஸ்லாந்துக்கு வேண்டிய ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம்.

வலது பக்கம் இரண்டு நாளில் பழகிவிடும், வைப்பருக்கும் இண்டிகேட்டருக்கும் குழப்பம் மட்டும் கடைசி வரை இருக்கும். பழக வேண்டியது வேறு. இரண்டு தட ரவுண்டானாவில் உள்வட்டத்தில் இருப்பவருக்குத்தான் முன்னுரிமை. பகலிலும் ஹெட்லைட் எரிய வேண்டும். 'எயின்பிரெய்த் ப்ரூ' என்ற பலகை வந்தால் ஒற்றை வண்டிப் பாலம், முதலில் நெருங்கியவர் போவார், மற்றவர் நிற்பார். நம் ஊர் மாதிரி லைட்டை அடித்து "நான் வர்றேன்" என்று சொல்லும் வேலை அங்கே இல்லை.

கோடையில் ஆடுகள் சாலையில். தாய் ஒரு பக்கம், குட்டி மறுபக்கம் நின்றால் அப்போதே பிரேக்கில் கால் வையுங்கள். குட்டி குறுக்கே ஓடும், நூற்றுக்கு நூறு.

கே: சுத்த சைவம். பிழைப்போமா? (தம்பதி, கும்பகோணம்)

ப: சமையலறை உள்ள தங்கும் விடுதியாகப் பாருங்கள். போனுஸ் என்ற கடை, போர்டில் ரோஸ் கலர் பன்றி இருக்கும், பயப்படாமல் உள்ளே போங்கள். அரிசி, காய், ரொட்டி, தயிர் மாதிரியான ஸ்கிர் எல்லாம் கிடைக்கும். ஹோட்டலில் சாப்பிட்டால் பில்லைப் பார்த்தே வயிறு நிறைந்துவிடும். தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள், குழாயில் வரும் பச்சைத் தண்ணீர் பிரமாதம். வெந்நீர்க் குழாயில் மட்டும் அவித்த முட்டை வாடை வரும், கந்தகம். சைவத்துக்கு அதனால் பங்கம் இல்லை.

கே: நள்ளிரவுச் சூரியன், வடதுருவ ஒளி இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க எந்த மாதம் நல்லது? (கல்லூரி மாணவர், சேலம்)

ப: எந்த மாதமும் இல்லை தம்பி. ஒளி தெரிய இருட்டு வேண்டும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

கே: எரிமலை வெடிக்கிறதே, போகலாமா? (ஒரு அம்மா, ஈரோடு, மகன் டிக்கெட் போட்டுவிட்டான்)

ப: 2023 நவம்பர் 10 அன்று கிரிண்டாவிக் என்ற ஊரையே காலி செய்தார்கள், அதற்குப் பிறகு அந்த ரெய்க்யனெஸ் பகுதியில் பல தடவை எரிமலைக் குழம்பு வந்திருக்கிறது. அது தரையில் பிளவு வழியாக வழியும் வகை என்பதால் பக்கத்திலேயே இருக்கும் கெஃப்லவிக் விமான நிலையம் பெரும்பாலும் வழக்கம்போல இயங்கியது. மூடிய சாலைக்குள் போகாமல் இருந்தால் சரி. தினமும் காலையில் சாலை நிலவரமும் வானிலை எச்சரிக்கையும் பார்க்கச் சொல்லுங்கள், அவசரத்துக்கு 112. எரிமலையை விட்டுவிட்டு, தினமும் எட்டு மணி நேரம் தூங்கினானா என்று கேளுங்கள் அம்மா.