ஐந்து தோட்டா சொல்லும் பொய்

வணக்கம் ஐயா. கிளப் மூலம் .22 ரைஃபிளுக்கான மேட்ச் (போட்டித்தர) தோட்டா இரண்டு லாட் (தயாரிப்புத் தொகுதி) வாங்கினேன். 50 மீட்டரில் விலை கூடிய லாட் காலை ஏழு மணிக்கு ஐந்து ரவுண்டில் 9 மி.மீ. குரூப் (துளைகள் பரவிய அகலம்) போட்டது. அடுத்த வாரம் மதியம் இரண்டு மணிக்கு அதே லாட் 17 மி.மீ. பெட்டி கெட்டுவிட்டதா? எடை போட்டுப் பிரிக்கட்டுமா?
– ஆர்., பெரம்பூர்

அன்புள்ள ஆர்.,

பெட்டி கெடவில்லை. ஐந்து ரவுண்ட் குரூப் ஒரே தோட்டாவில் இப்படித்தான் ஏறி இறங்கும். போதாததற்கு நீங்கள் மதியம் சுட்டிருக்கிறீர்கள். அந்நேரம் சென்னையில் கடற்காற்று உள்ளே வந்திருக்கும். வினாடிக்கு 1 மீட்டர் குறுக்குக்காற்று போதும், 50 மீட்டரில் குண்டை ஏறத்தாழ 5 மி.மீ. தள்ளிவிடும். இலக்கின் நடுவில் உள்ள பத்தாம் வளையத்தின் விட்டமே 10.4 மி.மீ.தான்.

இரண்டு நாள், இரண்டும் காலையில். முன்னும் பின்னும் மணல்மூட்டை வைத்துச் சுடுங்கள். ஒரு லாட்டை அ, மற்றதை ஆ என்று வையுங்கள். முதல் நாள் அ, ஆ, ஆ, அ என்ற வரிசை. மறுநாள் ஆ, அ, அ, ஆ. ஒவ்வொன்றும் பத்து ரவுண்ட் குரூப். லாட் மாறும்போதெல்லாம் முதல் பத்து ரவுண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு தயாரிப்பிலும் குண்டின்மேல் பூசிய மெழுகு வேறு. பேரலில் பழைய பூச்சு போய்ப் புதியது படியும்வரை குண்டு அலையும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். லாட்டுக்கு 70 தோட்டா செலவாகும், நான்கு குரூப் கிடைக்கும். சைட்டை (குறிபார்க்கும் கருவியை) மாற்றாமல் சுட்டு, நான்கு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து 40 துளையையும் ஒரே தாளில் குறியுங்கள். அத்தனையையும் அடக்கும் வட்டம்தான் உங்கள் துப்பாக்கியில் அந்த லாட்டின் உண்மையான அளவு. பிராண்ட் பெயரும் விலையும் அதைச் சொல்லாது. அதே பிராண்டின் அடுத்த லாட் உங்கள் பேரலுக்கு ஒத்துவராமலும் போகலாம்.

துளைகள் மேலும் கீழுமாக நீண்டிருந்தால் வேகத்தைச் சந்தேகியுங்கள். வேகம் வினாடிக்கு 325 மீட்டரிலிருந்து 315க்கு இறங்கினால் குண்டு 7 மி.மீ. அளவுக்குத் தாழும். குரோனோகிராஃப் (வேகம் அளக்கும் கருவி) இருந்தால் பத்து ரவுண்டின் உச்ச வேகத்துக்கும் தாழ்ந்த வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். நல்ல லாட்டில் அது வினாடிக்கு 10 மீட்டருக்குள் நிற்கும். பக்கவாட்டில் பரந்தால் காற்று, அல்லது உங்கள் பிடி.

எடை போடுவதில் பலன் குறைவு. கூடுதல் எடை கூட்டிலா, ஈயத்திலா, வெடிமருந்திலா என்று தராசு சொல்லாது. வெப்பத்தைக் கவனியுங்கள். வெயிலில் நின்ற காரின் டிக்கியில் பெட்டியை வைத்தால் மெழுகு இளகும். சூடான சேம்பரில் (பேரலில் தோட்டா அமரும் அறையில்) தோட்டாவை ஏற்றிவிட்டு நெடுநேரம் குறிபார்த்தால் மருந்து சூடேறி அந்த ஒரு ரவுண்ட் மட்டும் மேலே போகும்.

சுடாமல் நின்றுவிட்ட தோட்டா இருந்தால் பேரல் இலக்கை நோக்கியபடியே 30 வினாடி காத்திருந்து, பிறகு போல்ட்டைத் திறங்கள். தோட்டாவின் அடி விளிம்பில் ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி) பதிந்த தடத்தைப் பாருங்கள். தடம் ஆழமாக இருந்தால் விளிம்புக்குள் அந்த இடத்தில் பற்றுமருந்து பரவாமல் விட்டிருக்கலாம். மேலோட்டமாக இருந்தால் லாட்டைக் குறை சொல்லும் முன் ஃபயரிங் பின்னையும் ஸ்பிரிங்கையும் கிளப் ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம்) காட்டுங்கள்.