திருகு மூடி

கேள்வி: நான் இரட்சிக்கப்பட்டு ஒன்பது வருடம் ஆகிறது. நகையைக் கழற்றிவிட்டேன், டிவி பார்ப்பதில்லை, தசமபாகம் தவறியதில்லை. வெள்ளிதோறும் உபவாச ஜெபம். காலை ஆறரைக்குப் போனால் திரும்ப இரண்டு மணி ஆகிவிடும். மாமியாருக்கு ஃபிளாஸ்கில் காப்பியும் ஹாட்பாக்ஸில் இட்லியும் வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். கை நடுக்கத்தால் அவருக்கு மூடியைத் திருக வராது; பக்கத்து வீட்டு ஆச்சி வந்து திறந்து கொடுத்துவிடுவார். என் கணவர் ஞாயிறு ஆராதனையோடு சரி. என் ஜெபத்தைக் கண்டாலே அவருக்கு எரிச்சல். அவருடைய அனலில்லாத விசுவாசத்தால் பரலோகத்தில் என் பலன் குறையுமா? எனக்குக் கிரீடம் உண்டா?
ஒரு சகோதரி, காரைக்குடி

பதில்: சகோதரி, கிரீடத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த ஃபிளாஸ்க்.

அவரால் திறக்க முடியாது என்று தெரிந்தே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இறுக்கித் திருகி வைத்துவிட்டுப் போகிறீர்கள். அதை ஒரு குறையாகக்கூட நீங்கள் எழுதவில்லை. கடமையில் தவறாதவள் என்பதற்குச் சாட்சியாக எழுதியிருக்கிறீர்கள்! ஆச்சி கோயிலுக்குப் போய்விட்டு வர நேரமானால் அந்த அம்மா என்ன செய்வார்? ஃபிளாஸ்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதுவும் உபவாசம்தான், அவர் பொருத்தனை பண்ணாத உபவாசம்.

எபேசியர் 2-ஆம் அதிகாரம் 8, 9 வசனங்கள் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும்: கிருபை, விசுவாசம், தேவனுடைய ஈவு. பலரும் அதோடு நிறுத்திவிடுவார்கள். நற்கிரியைகளைச் செய்வதற்கென்றே சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிற 10-ஆம் வசனத்துக்கு யாரும் வருவதில்லை. இரட்சிப்பு ஈவு. கணவருக்கு அனல் இல்லையென்று அது உங்கள் கையைவிட்டுப் போகாது. பலன் வேறு. 1 கொரிந்தியர் 3-ஐ எடுத்துப் படியுங்கள்: அஸ்திபாரம் கிறிஸ்து, அதன்மேல் கட்டியது பொன்னா வைக்கோலா என்று அக்கினி சோதிக்கும். வைக்கோல் வெந்துபோனாலும் கட்டினவன் தப்புவான், கையில் மட்டும் ஒன்றும் மிஞ்சாது. அவனவன் வேலைக்கு அவனவன் கூலி என்று அதே அதிகாரத்தில் இருக்கிறது. ஆகவே கணவர் கணக்கு கணவருக்கு. உங்கள் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான்.

ஆனால் நம் ஊர் வட்டிக்கடையும் பேரேடும் வளர்த்த ஊர். ஐந்தொகை போடாமல், வரவு செலவை நேர் பார்க்காமல், தூக்கம் வராது. போட்டே பார்ப்போம். தன் பலனை அடையாமற்போகான் என்று இயேசு உறுதி சொன்னது யாரைப் பற்றி? மத்தேயு 10:42. சிறியவரில் ஒருவருக்கு ஒரு கலசம் தண்ணீர் குடிக்கக் கொடுத்தவரை. உங்கள் வீட்டில் அந்தக் கலசத்தைக் கையில் கொடுக்கிறவர் திருநீறு பூசிய ஆச்சி. அவருக்கு என்ன கிடைக்கும் என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? உங்கள் பேரேட்டில் அந்த வரவு இல்லை, அது மட்டும் தெரியும்.

'ஆண்டவருக்குத்தானே நேரம் கொடுக்கிறேன்' என்பீர்கள். மாற்கு 7-இல் இதற்கு ஒரு பெயரே இருக்கிறது: கொர்பான். தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதைக் காணிக்கை என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது. இதற்காக இயேசுவிடம் திட்டு வாங்கியவர்கள் ஊரிலேயே பெரிய பக்திமான்கள். மாமியார் தாய்க்கணக்கில் வரமாட்டார் என்று சொல்லிவிடாதீர்கள். எனக்குக் கோபம் வரும்.

ஓரியூர் நமக்கு எட்டாத ஊரில்லை. 1693-இல் அங்கே அருளானந்தர் என்ற மறைபரப்பு குருவின் தலை விழுந்தது எதனால்? பல மனைவியர் இருந்த தடியத்தேவர் என்ற மறவர் தலைவர் ஞானஸ்நானம் கேட்டபோது, ஒரு மனைவியோடு மட்டும் வாழ வேண்டும் என்றார். விலக்கப்பட்ட மனைவியரில் ஒருத்தி ராமநாதபுரம் அரசர் சேதுபதியின் உறவுப்பெண். அங்கிருந்து வந்தது வினை. (தள்ளிவிடப்பட்ட அந்தப் பெண்களின் பாடு எனக்கு இன்றும் உறுத்தல்தான், அது வேறு கதை.) பரிசுத்தம் என்ற பேச்சு வந்ததும் அவர் நேரே வீட்டுக்குள்தான் கை வைத்தார்.

இந்தப் பக்கத்தை உங்கள் கணவர் கண்ணில் படும்படி வையுங்கள். ஐயா, பெற்ற தாய்க்குக் காப்பி ஊற்றிக் கொடுக்கப் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வர வேண்டுமா? மனைவியின் ஜெபத்தைப் பார்த்து எரிச்சல்படுகிற நேரத்தில் ஒரு டம்ளரை எடுத்திருக்கலாமே.

உபவாசத்தை விடச் சொல்லவில்லை. மாமியார் சாப்பிட்டு, காப்பி குடித்து, வாய் துடைத்த பிறகு கிளம்புங்கள். ஒன்பது மணி ஆகும், ஆகட்டும். சபையில் ஏன் தாமதம் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். அடுத்த கடிதத்தில், அந்த ஆச்சியிடம் போய் என்ன சொன்னீர்கள் என்று எழுதுங்கள். இந்தக் கடிதத்தில் அவருக்கு ஒரு நன்றிகூட இல்லை.