கேள்வி-பதில்: நோயுற்ற கினிப்பன்றிக் குட்டிகள்

கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்காக வாங்கிய கினிப்பன்றிக் குட்டிகளைப் பற்றி வேலூர், ராணிப்பேட்டை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் எமது கால்நடை மருத்துவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: ஒரு மாத வயதுள்ள இரண்டு குட்டிகளை வாங்கி, எங்களிடம் முன்பே இருந்த முயலின் கூண்டில் விட்டோம். நான்காம் நாளிலிருந்து ஒரு குட்டி முடியைச் சிலிர்த்துக்கொண்டு மூலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. மூக்கு ஒழுகுகிறது, கண்ணில் பீளை கட்டுகிறது, நேற்றிரவிலிருந்து தீனியைத் தொடவில்லை. என் மகனுக்குக் காய்ச்சலின்போது வாங்கிய அமாக்சிசிலின் சிரப் மீதமிருக்கிறது. அதில் இரண்டு சொட்டு கொடுக்கலாமா?
– வாசகி, காட்பாடி

பதில்: அந்த சிரப்பைத் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள், அம்மா. மற்ற எல்லாவற்றையும் விட இதை முதலில் சொல்வதற்குக் காரணம், நோயால் சாகாத குட்டிகள் பல இத்தகைய மருந்தால் சாகின்றன என்பதுதான். கினிப்பன்றியின் குடலில் புல்லைச் செரிக்க உதவும் நுண்ணுயிர்களைப் பென்சிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின், கிளின்டாமைசின், எரித்ரோமைசின் போன்ற மருந்துகள் அழித்துவிடுகின்றன. அவை இருந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் என்னும் பாக்டீரியா பெருகி நஞ்சைக் கக்குவதால், சில நாட்களில் குட்டி கழிந்து கழிந்து இறந்துபோகிறது. வீட்டிலுள்ளவர்களோ சளி முற்றித்தான் இறந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் சுவாச நோய்த்தொற்றைக் காட்டுகின்றன. அது நுரையீரலுக்கு இறங்கினால் நிமோனியாவாகிவிடும். இதை உண்டாக்கும் போர்டெட்டெல்லா என்னும் பாக்டீரியா, முயல், நாய் ஆகியவற்றின் மூக்கிலும் தொண்டையிலும் எந்தத் தொந்தரவும் தராமல் தங்கியிருக்கக்கூடியது. ஆகவே முயல் நன்றாகத் துள்ளிக்கொண்டிருந்தாலும், அதை இன்றே வேறு கூண்டுக்கு மாற்றுங்கள். நோயுற்ற குட்டியையும் தனியே வைத்து, நலமாக உள்ள குட்டியைக் கவனித்த பிறகே அதைத் தொடுங்கள்.

அடுத்து, இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு கால்நடை மருத்துவமனைகளில் பெரும்பாலும் மாடும் ஆடும் நாயும்தான் வருகின்றன என்பதால், இது கினிப்பன்றி என்பதையும் அதன் எடை எத்தனை கிராம் என்பதையும் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது. என்ரோஃப்ளாக்சசின், டிரைமெத்தோபிரிம்-சல்ஃபா போன்ற மருந்துகளை இவ்விலங்கு தாங்கும். அளவை எடை பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மேல்சிகிச்சை தேவைப்பட்டால் சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குச் செல்லலாம், ஆனால் வெயில் ஏறுமுன் கிளம்பிவிடுங்கள். விலா ஏறி இறங்க மூச்சு வாங்கினாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

மருந்தைவிட முக்கியம் தீனி. கினிப்பன்றியின் குடல் இடைவிடாமல் இயங்கிக்கொண்டிருக்க வேண்டிய ஒன்று. ஒரு நாள் முழுவதும் வயிறு காய்ந்தால் குடல் நின்று, வாயு சேர்ந்து, கல்லீரலும் கெடத் தொடங்கும். கினிப்பன்றிக்கான பெல்லட் தீவனத்தைப் பொடித்து, வெந்நீரில் ஊறவைத்து, ஆறியபின் தளர்ந்த கூழாகக் கரைத்து, ஊசியில்லாத 1 மி.லி. சிரிஞ்சில் எடுத்துக்கொள்ளுங்கள். குட்டியைத் துண்டில் சுற்றி மடியில் நிமிர்த்தி வைத்து, முன்பற்களுக்குப் பின்னே பக்கவாட்டில் இருக்கும் இடைவெளி வழியாகச் சிரிஞ்சின் நுனியை நுழைத்து, ஒரு தடவைக்குக் கால் மி.லி.க்கு மேல் போகாமல் விடுங்கள். அது மென்று விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த துளி. மல்லாக்கப் படுக்கவைத்துப் புகட்டினால் கூழ் நுரையீரலுக்குப் போய்விடும். 200 முதல் 250 கிராம் எடையுள்ள குட்டிக்கு ஒரு வேளைக்கு 2 முதல் 3 மி.லி. வீதம், மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும் கொடுக்க வேண்டும்.

சமையலறை எடைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து, தினமும் ஒரே நேரத்தில் குட்டியை நிறுத்து எழுதிவையுங்கள். வளரும் குட்டி நாளுக்கு 3 முதல் 5 கிராமாவது ஏற வேண்டும். எடை இறங்குவதுதான் கண்ணுக்குத் தெரியும் எந்த அறிகுறிக்கும் முன்னால் வரும் எச்சரிக்கை. கோழிக்குஞ்சுக்குப் போடுவதுபோல் பல்பு போட்டுச் சூடேற்றும் வழக்கம் சிலரிடம் உண்டு. காட்பாடி வெயிலில் அது வேண்டவே வேண்டாம். மரத்தூளை எடுத்துவிட்டுப் பழைய பருத்தித் துணியை விரியுங்கள், தூசி குறையும்.

கேள்வி: குட்டி போட்ட ஐந்தாம் நாள் தாய் இறந்துவிட்டது. மூன்று குட்டிகளுக்கும் பசும்பால் புகட்டுகிறோம். வயிறு உப்பிச் சோர்ந்து கிடக்கின்றன. எப்படிக் காப்பாற்றுவது?
– வாசகர், குடியாத்தம்

பதில்: இவை நாய்க்குட்டி, பூனைக்குட்டிகளைப் போல் கண் திறக்காமல் பிறப்பவை அல்ல. ஏறக்குறைய 65 நாட்கள் தாய் வயிற்றிலிருந்து, முடியோடும் பல்லோடும் திறந்த கண்ணோடும் பிறப்பதால், பிறந்த ஓரிரு நாளிலேயே தீனியைக் கொறிக்கத் தொடங்கிவிடுகின்றன. எனவே பாலை மட்டும் நம்பாதீர்கள். பசும்பாலை நிறுத்திவிட்டு, முன்னே சொன்ன பெல்லட் கூழைப் பகலில் இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள். உலர்புல்லும் கொத்தமல்லித் தழையும் எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். தெரிந்தவர் வீட்டில் குட்டி போட்ட கினிப்பன்றி இருந்தால் அதனிடம் விடுவதே எல்லாவற்றிலும் சிறந்தது, ஏனெனில் பாலூட்டும் தாய்கள் பிறர் குட்டிகளைப் பெரும்பாலும் ஒதுக்குவதில்லை.

வயிறு உப்புவதற்குப் பால் மட்டும் காரணமாக இருக்காது. முதல் ஓரிரு வாரங்களில் குட்டிகள் தாமாகச் சிறுநீர் கழிப்பதில்லை; தாய் அடிவயிற்றுக்குக் கீழே நக்கிவிட்டால்தான் கழிக்கும். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால், தீனி கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தை மெல்ல ஒற்றிவிடுங்கள். இது தெரியாமல் போனதால் சிறுநீர்ப்பை வீங்கி இறக்கும் குட்டிகள் உண்டு. இன்னொன்று: குட்டிகள் தாயின் புழுக்கையைத் தின்றுதான் செரிமானத்துக்கான நுண்ணுயிர்களைப் பெறுகின்றன. நோயில்லாத பெரிய கினிப்பன்றி ஒன்றின் புதுப் புழுக்கையைக் கூண்டில் போட்டுவையுங்கள், அருவருக்க வேண்டாம்.

கேள்வி: இரண்டு மாதக் குட்டி பின்னங்கால்களை இழுத்து இழுத்து நடக்கிறது, தூக்கினால் கீச்சிடுகிறது. முயல் தீவனமும் வைக்கோலும்தான் கொடுக்கிறோம். எங்கேனும் விழுந்து அடிபட்டிருக்குமா?
– வாசகி, வாலாஜாபேட்டை

பதில்: அடிபட்டிருக்கலாம், மருத்துவர் தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும். ஆனால் நீங்கள் சொல்லும் தீனியைப் பார்த்தால் வைட்டமின் சி குறைபாட்டைத்தான் முதலில் சந்தேகிக்கிறேன். ஆடு, மாடு, முயல் எல்லாம் இந்த வைட்டமினைத் தம் உடலிலேயே தயாரித்துக்கொள்கின்றன. மனிதனைப் போலவே கினிப்பன்றியால் அது முடியாது. அது கிடைக்காமல் போனால் சில வாரங்களிலேயே மூட்டுகளில் இரத்தம் கசிந்து வீங்கும், ஈறு புண்ணாகும், முடி பரட்டையாகும், சளியும் எளிதில் பிடிக்கும். முயல் தீவனத்தில் இதற்கென்று வைட்டமின் சி சேர்ப்பதில்லை, வைக்கோலிலும் கிடையாது.

நலமான குட்டிக்குக் கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் தேவை. நோயுற்றதற்கு 50 மில்லிகிராம் வரை கொடுப்பது வழக்கம். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைப் பொடித்து 50 மி.லி. நீரில் கரைத்தால் ஒரு மி.லி.யில் 10 மில்லிகிராம் இருக்கும். 200 கிராம் குட்டிக்கு அந்த ஒரு மி.லி. போதும். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, தினமும் புதிதாகக் கரைத்து வாயில் கொடுங்கள். குடிநீர்ப் புட்டியில் கலந்துவைத்தால் வெளிச்சத்தில் சில மணி நேரத்திலேயே வீரியம் குறைந்துவிடும், சுவை மாறுவதால் தண்ணீர் குடிப்பதும் குறையும். கொய்யாத் துண்டு, குடைமிளகாய், கொத்தமல்லி, சீவிய நெல்லிக்காய் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பழக்குங்கள். வைக்கோலுக்குப் பதில் அருகம்புல்லோ, உங்கள் பக்கத்து விவசாயிகள் மாட்டுக்கு வளர்க்கும் கோ-4 புல்லின் இளந்தழையோ கொடுக்கலாம். கழிவுநீர்க் கால்வாய் ஓரத்தில் அறுத்த புல் மட்டும் வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஊர் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் இவற்றுக்குத் தடுப்பூசி கிடைக்குமா?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: 1932இல் தொடங்கிய அந்த நிலையம் மாடு, ஆடு, கோழிகளுக்கான தடுப்பு மருந்துகளைத் தயாரிக்கிறது. வீட்டில் வளர்க்கும் கினிப்பன்றிகளுக்கு வழக்கமாகப் போடும் தடுப்பூசி என்று எதுவும் இல்லை. புதிதாக வாங்கியவற்றை இரண்டு மூன்று வாரம் தனியே வைத்திருந்து, பிறகு மற்றவற்றோடு சேர்ப்பதுதான் இப்போதைக்குள்ள பாதுகாப்பு.

கேள்வி: மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் வளர்க்கிறோம். நேற்றுப் பிற்பகல் இரண்டு குட்டிகள் அடுத்தடுத்து இறந்தன. மூன்றாவது எச்சில் ஒழுகத் தட்டையாகப் படுத்திருந்து தப்பியது. இது என்ன நோய்?
– வாசகர், ஆற்காடு

பதில்: இது வெப்ப அயர்ச்சியாகத்தான் இருக்க வேண்டும். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைக் குளிரில் தோன்றிய விலங்கு இது. 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை அதற்குச் சுகம், 30ஐத் தாண்டினால் ஆபத்து; கத்திரி வெயிலில் உங்கள் கொட்டகை 40ஐயும் தாண்டும். தப்பிய குட்டியையும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மீண்டும் அப்படி நேர்ந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, சாதாரண நீரில் நனைத்த துணியால் காதுகளையும் பாதங்களையும் ஒற்றி, சிரிஞ்சில் சில துளி நீர் கொடுத்தபடியே மருத்துவரிடம் கிளம்புங்கள். பனிக்கட்டி நீரில் முக்கினால் அதிர்ச்சியிலேயே உயிர் போய்விடும். கூண்டைக் கீழ்த்தளத்தில் வெயில் படாத அறைக்கு இன்றே இறக்கி, சன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, நீரை உறையவைத்த புட்டியைத் துணியில் சுற்றிக் கூண்டுக்குள் ஓர் ஓரமாக வையுங்கள். மாடிக் கொட்டகை ஐப்பசி மழை வரும்வரை காலியாகவே இருக்கட்டும்.