படங்களை முதலில் கையில் எடுங்கள், தளத்தைப் பிறகு மாற்றலாம்

கேள்வி: கடலூர் முதுநகரில் வசிக்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியர். 2009 முதல் கூகுளின் இலவச சேவையான ப்ளாக்கரில் ஒரு படத்தளம் வைத்திருக்கிறேன். சுமார் 600 பதிவுகள், 2,600 படங்கள். தலைப்பெல்லாம் தமிழில்தான். முதல் மூன்று வருடப் படங்கள் இருந்த ஹார்டு டிஸ்க் கெட்டுப்போனதால், அவை இப்போது தளத்தில் மட்டுமே உள்ளன. கட்டண ஹோஸ்டிங் வாங்கி வேர்ட்பிரஸுக்கு மாற விரும்புகிறேன். படங்களும் பழைய லிங்க்குகளும் தொலையாமல் மாற்ற முடியுமா?

பதில்: முடியும் ஐயா. ஆனால் "தளத்தில் மட்டுமே உள்ளன" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் எனக்குப் பதற்றமாகிவிட்டது. 2009 முதல் 2011 வரை என்றால் தானே புயலுக்கு முந்தைய கடலூர். 2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய அந்தப் புயல் பண்ருட்டிப் பக்கம் சாய்த்த பலாவும் முந்திரியும் உங்கள் படங்களில் நின்றுகொண்டிருக்கலாம். இங்கே புதுச்சேரியில் கடற்கரைச் சாலையின் பழைய மேரி (நகராட்சி) கட்டடம் 2014 நவம்பரில் இடிந்து விழுந்தது. இப்போது நிற்பது அதே சாயலில் திரும்பக் கட்டியது. பழையதைக் காட்ட என்னிடம் நான்கே படங்கள் இருக்கின்றன. அதனால் ஹோஸ்டிங், அதாவது தளத்தை வைக்க வாடகை சர்வர் இடம், வாங்குவதை இரண்டு வாரம் தள்ளிப்போட்டு, முதலில் படங்களை உங்கள் கைக்குக் கொண்டுவாருங்கள்.

ப்ளாக்கர் அமைப்புகளில் பேக்கப் எடுத்தால் ஓர் எக்ஸ்எம்எல் ஃபைல் கிடைக்கும். அதில் நீங்கள் எழுதியது இருக்கும், படம் இருக்காது. படம் இருக்கும் இடத்தின் முகவரி மட்டும் இருக்கும். அதை வேர்ட்பிரஸில் ஏற்றியதும் படங்களெல்லாம் அழகாகத் தெரியும், வேலை முடிந்தது என்று தோன்றும். பல வருடம் முன்பு வேறொரு சேவையிலிருந்து மாறியபோது நானும் அப்படி நம்பிப் பழைய கணக்கை மூடினேன். சில நாளில் படம் இருந்த இடமெல்லாம் வெற்றுச் சதுரமாகிவிட்டது. புதுத் தளத்தில் ஏதாவது ஒரு படத்தைத் தனித் தாவலில் திறந்து முகவரியைப் பாருங்கள். அதில் கூகுளின் பெயரோ, ப்ளாக்கர் தளங்களின் முகவரியில் வரும் "ப்ளாக்ஸ்பாட்" என்ற பெயரோ இருந்தால் படம் இன்னும் குடிவரவில்லை. 2017-ல் ஃபோட்டோபக்கெட் நிறுவனம், வேறு தளங்களில் படம் தெரிய ஆண்டுக்கு 399.99 டாலர் கேட்டபோது, உலகம் முழுக்க எத்தனையோ பக்கங்களில் படங்கள் ஒரே நாளில் மறைந்தன. அடுத்தவர் சர்வரை நம்பிப் படத்தை விட்டுவைத்தால் இதுதான் ஆபத்து.

கூகுள் கணக்கில் உள்ளதை இறக்கித் தரும் டேக்அவுட் சேவையில் ப்ளாக்கரை மட்டும் தேர்ந்தெடுத்தால் பதிவுகளும் படங்களும் ஜிப் ஃபைலாக வரும். அத்தோடு விடாதீர்கள். அந்த மூன்று வருடப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து சரிபாருங்கள். படத்தின் முகவரிக்குள் ஆங்கில எஸ் எழுத்தை ஒட்டி 320, 640 என்று ஓர் எண் இருக்கும். அதை அழித்துவிட்டுப் பூஜ்யம் போட்டால், அங்கே சேமித்திருக்கும் பெரிய அளவிலேயே படம் கிடைக்கும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், ஆனால் பிரதி இல்லாத படங்களுக்கு இதைச் செய்தே ஆகவேண்டும்.

இறக்கும்போதே பெயர் வையுங்கள், ஆங்கில எழுத்திலும் எண்ணிலும்: ஆண்டு, மாதம், ஊர், வரிசை எண். தமிழில் ஃபைல் பெயர் வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் "கொடி" என்ற பெயரில் உள்ள "கொ"வைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறி ஒரே துண்டாக, அல்லது முன்னால் ஒற்றைக்கொம்பு, பின்னால் துணைக்கால் என இரண்டாக. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. லினக்ஸ் சர்வருக்கு இரண்டும் வேறுவேறு ஃபைல். பழைய மேக் கணினியிலிருந்து போன ஃபைல்களில் இந்தக் கோளாறால் படம் காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். படத்தின் கதையைத் தமிழில் எழுத விளக்கக் குறிப்பு இருக்கிறது, அங்கே தாராளமாக எழுதுங்கள்.

இனி லிங்க். உங்கள் தலைப்புகள் தமிழில் இருப்பதால், தனியாக மாற்றியிருந்தாலொழிய, ப்ளாக்கர் அவற்றுக்கு "ப்ளாக்-போஸ்ட்_23" என்பது போன்ற முகவரியைத்தான் கொடுத்திருக்கும். வேர்ட்பிரஸோ தலைப்பிலிருந்தே முகவரி செய்யும், அதற்கு 200 எழுத்து வரம்பு உண்டு. தமிழின் ஒவ்வொரு குறியீடும் அதில் 9 இடம் பிடிக்கும். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. "தேவனாம்பட்டினம் கடற்கரை" என்ற இரண்டு சொல்லே 199 ஆகிவிடும், மூன்றாவது சொல் வெட்டுப்படும். ஆகவே வேர்ட்பிரஸ் அமைப்பில் ஆண்டு, மாதம், பதிவின் பெயர், கடைசியில் எச்டிஎம்எல் என்ற பழைய வடிவத்தையே வையுங்கள். இறக்குமதி முடிந்ததும் பத்துப் பதிவுகளைத் திறந்து, பழைய பெயர் அப்படியே வந்திருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் வழிமாற்றும் பிளக்இன் ஒன்றில் பழையதையும் புதியதையும் 301 (நிரந்தர வழிமாற்றம்) என்று இணைக்க வேண்டும்.

ப்ளாக்ஸ்பாட்டிலிருந்து வெளித் தளத்துக்கு நேரடியாக 301 போட ப்ளாக்கர் இடம் தருவதில்லை. அதற்கு ஒரு சுற்றுவழி உண்டு, உங்களுக்கு நான் சொல்வதும் அதைத்தான். முதலில் உங்கள் பெயரிலேயே ஒரு டொமைன், அதாவது சொந்த இணைய முகவரி, வாங்கி, இப்போதிருக்கும் ப்ளாக்கரோடு இணையுங்கள். அன்றிலிருந்து பழைய ப்ளாக்ஸ்பாட் முகவரிக்கு வருபவர்களை ப்ளாக்கரே புது முகவரிக்கு அனுப்பும். இரண்டு மூன்று மாதம் அப்படியே ஓடட்டும். பிறகு டொமைனை மட்டும் புது ஹோஸ்டிங் பக்கம் திருப்புங்கள். ப்ளாக்கரில் உள்ள டொமைன் அமைப்பைத் தொடாதீர்கள், தளத்தையும் அழிக்காதீர்கள். அதன்பின் பழைய லிங்க்கில் வருபவரிடம் "வேறு தளத்துக்குப் போகிறீர்கள், சரியா" என்று ப்ளாக்கர் ஒரு பக்கத்தைக் காட்டிக் கேட்கலாம். ஒரு சொடுக்குதான் கூடுதல். திருப்புவதற்கு முந்தைய நாள் டொமைன் எந்த சர்வருக்குப் போகும் என்று சொல்லும் டிஎன்எஸ்ஸில், அந்தத் தகவலை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று குறிக்கும் டிடிஎல் மதிப்பை 300 நொடியாகக் குறைத்தால், தவறு நேர்ந்தாலும் சீக்கிரம் பின்வாங்கலாம்.

சொந்த டொமைனை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இந்திய வாசகர்கள் பார்த்துவந்த "ப்ளாக்ஸ்பாட் டாட் இன்" முகவரி 2020-ல் கூகுளின் கையை விட்டே போய்விட்டது. அந்த முகவரியோடு பகிர்ந்த லிங்க்குகள் எல்லாம் செத்துப்போயின. டொமைன் பதிவு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். கடைக்காரரோ தெரிந்த பையனோ தன் பெயரில் வாங்கித் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஹோஸ்டிங் தேர்வு இதற்குப் பிறகு சுலபம். "வரம்பற்ற இடம்" என்ற விளம்பரத்தை விட்டுவிட்டு, எத்தனை ஃபைல்கள் வரை அனுமதி என்று கேளுங்கள். 1600 பிக்ஸல் அகலப் படம் ஒன்றை ஏற்றினால் வேர்ட்பிரஸ் ஐந்து சிறு பிரதிகள் செய்யும், மூலத்தோடு 6. உங்கள் 2,600 படங்கள் 15,600 ஃபைல்களாகும். அந்த எண்ணிக்கையைத் தாங்கும் சாதாரணத் திட்டமே போதும்.

இறக்கிய படங்களை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள். முதுநகரின் உப்புக்காற்று எந்த மின் சாதனத்தையும் விட்டுவைப்பதில்லை. ஒன்று உங்கள் அலமாரியில் இருக்கட்டும், மற்றதைக் கடலுக்குத் தூரமான ஊரில் இருக்கும் பிள்ளையிடமோ உறவினரிடமோ கொடுத்துவையுங்கள். பொங்கலுக்கு அவர்கள் வரும்போது எடுத்துவரச் சொல்லி, திறந்து பார்த்து, புதுப் படங்களைச் சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள்.